ஆஞ்சியோவுக்கு முன் ஒரு தக்காளி ரசம்

போன வாரம் எனக்கு ஆஞ்சியோகிராம். மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கியது. 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்றார் டாக்டர்.

அந்த 'எதற்கும்' இருக்கிறதே... அதைக் கேட்ட நிமிஷமே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, சென்னையில் இருக்கும் தம்பியிடம் விடைபெற்றுக்கொண்டேன். அவன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான்.

எனக்குப் பயம் வந்தால் ஒரே மருந்து - ஒரு பழைய துப்பறியும் நாவல். புனே வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது ரயில் முழுக்க அதைத்தான் படித்தேன். மனைவி பிரசவத்துக்கு உள்ளே போனபோது, வெளியே அதைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கொலைக் கதையில் என்ன ஆறுதல் என்கிறீர்களா? அதில் சாகப்போவது யார் என்று எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும் பையைத் துழாவினேன். டார்ச் லைட் இருந்தது, இரண்டு மஃப்ளர் இருந்தது. நாவலைக் காணோம்.

மகளை ஸ்கூட்டரில் சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் துரத்தினேன். 'ஷெல்ஃபில் நீல அட்டை போட்ட புத்தகம்' என்று அடையாளம் சொன்னேன். தலைப்பைச் சொல்லிப் பயனில்லை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரிப் பெண். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

வந்தாள். நீல அட்டைதான். சமையல் புத்தகம்.

"அரே, நீதானேப்பா ப்ளூன்னு சொன்னே? இதுதான் ப்ளூ."

"இதுல யாரும் சாகலையேடி" என்றேன் பரிதாபமாக.

"என் சமையலைச் சாப்பிட்டே இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "இதுக்கா பயப்படறீங்க?"

பிரித்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் எழுத்தெல்லாம் கடுகாய்த் தெறித்தது. மகள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தக்... காளி... ர... சம். பு... ளி... நெல்... லிக்காய் அளவு..."

எப்போது புளி கரையும், எப்போது ரசம் நுரைக்கும் என்று காத்துக் கிடந்தேன். பெருங்காயத்தில் சிக்கிக்கொண்டு அவள் மீண்டு வருவதற்குள் நெஞ்சு எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் மராத்திப் பெரியவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்துவிட்டார். நாங்கள் திருத்தவில்லை. அவருக்கும் அன்று ஆஞ்சியோ.

ஸ்ட்ரெச்சர் வந்தது. போன பயமும் அதிலேயே ஏறி வந்தது.

"தாளிச்சாச்சா?" என்றேன்.

"இல்லப்பா. இன்னும் ரெண்டு லைன் இருக்கு. வந்து கேட்டுக்கோ."

இப்போது அவள் குரல்தான் நடுங்கியது.

உள்ளே ஒரே குளிர். தலைக்கு மேல் மெஷின். எனக்கோ ஒரே கவலை - தாளிப்பது நெய்யிலா, எண்ணெயிலா? பயந்தவனுக்குப் புத்தகம் தைரியம் எல்லாம் தருவதில்லை ஐயா. அடுத்த வரி என்ன என்று ஒரு குட்டிக் கவலையைத் தருகிறது. பெரிய கவலை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அதற்கு இடம் கொடுக்கிறது.

பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக மிச்ச இரண்டு வரியைக் கேட்டேன். நெய்தான்.

இனி நெய்யைத் தொடவே கூடாது என்கிறார் டாக்டர். தமிழில் ருசி கண்டுவிட்ட மகளோ தினமும் எனக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறாள்.

நேற்று இனிப்பு வகைகளுக்கு வந்துவிட்டாள்.