ஆறு மணி பேட்சும் பத்தாவது ஆளும்

ஜிம்மில் வேலை என்றால் கனமான சாமான்களைத் தூக்குகிற வேலை என்று நினைப்பீர்கள். எங்கள் தொழிலில் தூக்கவே முடியாத கனம், காலை ஐந்தரை மணிக்குப் படுக்கையில் கிடக்கிற கஸ்டமர்தான்.

அந்தக் கஸ்டமர் நீங்களாகவும் இருக்கலாம். புது ஷூ வாங்கி மூன்று நாள் நடந்துவிட்டு, நாலாம் நாளிலிருந்து அந்த ஷூ கண்ணில் படாத பக்கமாகவே வீட்டுக்குள் நடமாடுகிறவரா? வாங்க, நீங்க நம்ம ஆளுதான்.

நான் சேதராப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தய சர்டிபிகேட் மூன்றைக் காட்டி முத்தியால்பேட்டையில் ஒரு லேடீஸ் ஜிம்மில் சேர்ந்தேன். மாடியில் ஒரு ஹால், நடக்கிற மிஷின் இரண்டு, எடை மிஷின் ஒன்று, சுவரில் ‘மன உறுதியே மருந்து’ என்று எழுதிய அட்டை. வருகிறவர்கள் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே முதல் வாரம் ஓடிவிட்டது. அப்புறம் எல்லாம் அதிர்ச்சிதான்.

தாலி யார் பேரில்?

தனலட்சுமியம்மா மணிக்கூண்டுப் பக்கம் வளையல் கடை வைத்திருப்பவர். சேர வந்த அன்று எடை மிஷினில் ஏறினார், முள்ளைப் பார்த்தார், தேளை மிதித்தவர் மாதிரி கீழே குதித்தார். மிஷின் சரியில்லை என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு கை வளையல், கொலுசு, சாவிக்கொத்து, இடுப்பில் செருகிய சுருக்குப்பை, தலையிலிருந்த மல்லிகைச் சரம், புடவையில் குத்தியிருந்த ஊக்கு ஏழெட்டு. என் மேஜை அவர் கடை மாதிரி ஆகிவிட்டது. முள் அசையவில்லை.

கடைசியில் கை கழுத்துக்குப் போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, தாலியக் கழட்டாதீங்கம்மா!” என்று கத்தியே விட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருடி கழட்டப் போறா? எட்டுப் பவுனு இது. இத மட்டும் எங்க வூட்டுக்காரரு பேர்ல எழுதிக்க, மிச்சத்த எம்பேர்ல எழுது.”

கார்டுக்கு ஒரு ஆள்

மறுநாள் தனலட்சுமியம்மாவின் மெம்பர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். முருங்கைக்காய் மாதிரி உடம்பு. பெயர் சுமதி, மருமகள். “அத்தை அனுப்பினாங்க” என்றாள். அத்தை பின்னால் வருவார் என்று நினைத்து, அதுவரை நடக்கட்டுமே என்று மிஷினில் ஏற்றிவிட்டேன். அத்தை அன்றும் வரவில்லை, அந்த மாதம் முழுக்கவும் வரவில்லை. சுமதி ஒரு நாள்கூடத் தப்பாமல் வந்து வியர்த்துவிட்டுப் போனாள்.

மாதக் கடைசியில் தனலட்சுமியம்மா வந்து மிஷினில் ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது. ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “நீங்க ஒரு நாளும் வரலையேம்மா” என்றேன்.

“நான் வரலன்னா என்னா? எங்க வூட்டு ஆளு வந்துச்சில்ல? ரேஷன் கடையில கார்டுக்கு யாரு போயி நின்னாலும் அரிசி போடுறான், உங்க கடையில மட்டும் தனிச் சட்டமா?”

மாசி மகத்துக்கு மறுநாள்

தனலட்சுமியம்மா அதோடு நின்றுவிட்டார். சுமதிக்கு நடை பிடித்துப்போய், தன் பேரிலேயே கார்டு போட்டுக்கொண்டாள். ஆனால் மற்றவர்கள் கழன்றுகொண்டே போனார்கள். காலை ஆறு மணி பேட்சில் பதினெட்டுப் பேர் இருந்த இடத்தில் நாலு பேர் நின்றோம், அதில் ஒருத்தி நான்.

எனக்கு அந்த பேட்சை விட்டால் வேறு வழியில்லை. என் வீட்டுக்காரருக்கு சேதராப்பட்டு பேக்டரியில் செகண்ட் ஷிப்ட். மதியம் கிளம்புகிற மனுஷன், காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் மூன்று வயசுப் பிள்ளையை எங்கே விடுவது? ஜிம் நடத்துகிற மேடத்திடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார்.

“மாசி மகத்துக்கு மறுநாள் நானே வந்து தலைய எண்ணுவேன். பத்து தலை இல்லன்னா காலை பேட்ச் கிடையாது, நீயும் வர வேணாம்.”

மிஸ்டு கால்

எல்லோரையும் எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். காலை ஐந்தரைக்கு ஆளுக்கொரு மிஸ்டு கால். நல்ல யோசனைதானே? ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் வீட்டுக்காரர் தலைமாட்டில்.

நாலாம் நாள் காலை, மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத செல்வி, தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் படி இரண்டிரண்டாக ஏறி வந்தாள். எனக்கு வாயெல்லாம் பல். “வா செல்வி, வா” என்றேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையில் போன். அதில் என் நம்பர்.

“டெய்லி விடியக்காலையில எம் புருஷனுக்கு மிஸ்டு கால் குடுக்குறவ யாருன்னு தேடி வந்தா, நீயா டீச்சர்?”

ரெழீம்

அந்தக் கவலையில் இருக்கும்போதுதான் மதாம் லூர்து வந்து சேர்ந்தார். அறுபது வயசு, கவுன் போட்டவர். வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ரிட்டையரான சிப்பாய்; பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அவர்களுக்கு ‘சொல்தா’ என்று பேர். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். “லேசா சக்கரை. மூணு மாசமா ரெழீம்ல இருக்கேன்” என்றார்.

என் காதில் விழுந்தது ரெஜிமெண்ட். சொல்தா வீட்டம்மாவாச்சே, இருந்தாலும் இருக்கும் என்று எனக்கு மரியாதை பொங்கிவிட்டது. இவருக்குப் போய் நடக்கிற மிஷினா? பள்ளிக்கூடத்துக் குடியரசு தினப் பரேடில் கற்றதையெல்லாம் எடுத்து விட்டேன். அட்டென்ஷன், லெப்ட் ரைட், முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்கு. இருபது நிமிஷம். முகம் பீட்ரூட் ஆனது, ஆனாலும் மனுஷி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, “ரெஜிமெண்ட்ல இதவிட ஜாஸ்தி இருக்குமில்ல மதாம்?” என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

“அடிப் பொண்ணே, ரெழீம்னா பத்தியச் சாப்பாடுடி! சக்கரையில்லாம காப்பி குடிக்கிறேன்னு சொன்னா, என்னைப் பட்டாளத்துல சேத்துட்டியே!”

விசில்

மறுநாள் அவர் வரவில்லை. பெரிய மனுஷியைப் படுக்கையில் தள்ளிவிட்டேன் என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். தெருவிலேயே பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணுகிற சத்தம் கேட்டது: “அன்! தே! அன்! தே!” உள்ளே சொல்தா விசிலோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, மதாம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மார்ச் போய்க்கொண்டிருந்தார். “இருபது வருஷமா பேப்பருக்குப் பின்னாலேருந்துதான் பேசுவாரு. நேத்து மார்ச் பண்ணேன்னு சொன்னேன், பேப்பர மடிச்சு வச்சுட்டாரு” என்றார் மதாம். என் வேலை போகப்போகிற கதையை அங்கேயே சொல்லி அழுதேன்.

அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்கு மதாம் லூர்து அந்த விசிலோடு தெருவில் இறங்கினார். கார்டு போட்ட பெண் ஒவ்வொருத்தி வீட்டு வாசலிலும் நின்று, கதவு திறக்கிறவரை ஊதினார். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். மூன்றாம் நாள் செல்வியின் வீட்டுக்காரர் லுங்கியோடு வெளியே வந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மதாம், இவள நானே வண்டியில வச்சு டெய்லி கொண்டாந்து வுட்டுடறேன், அந்த விசில மட்டும் ஊதாதீங்க.”

பத்தாவது ஆள்

மாசி மகத்தன்று பாதி ஊர் வைத்திக்குப்பம் கடற்கரை வெயிலில் சாமி பார்த்துவிட்டு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். அப்படியும் மறுநாள் விசிலுக்கு எழுந்தார்கள். மேடம் வந்து எண்ணினார். ஒன்பது. பத்தாவது சுமதி. திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. “என்னையும் சேத்தா பத்து மேடம்” என்றேன். “சம்பளம் வாங்குற தலையெல்லாம் எண்ண மாட்டேன்” என்று அவர் எழுந்தார்.

அப்போது படியில் வளையல் சத்தம். இரண்டு கை நிறைய வளையலும் எட்டுப் பவுன் தாலியுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு தனலட்சுமியம்மா ஏறி வந்தார். மதாம் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. தனலட்சுமியம்மா நேராக என் மேஜைக்கு வந்தார்.

“சுமதி ஊர்ல இருக்கா. அவ கார்டுக்கு ஆள் இல்லாம டீச்சர் வேல போயிடும்னு போன்ல ஒரே அழுக, அதான் அவளுக்குப் பதிலா நான் வந்துட்டேன். எந்த மிஷின்ல வேணா ஏத்து, எடை மிஷின மட்டும் காட்டாத.”

மேடம் ‘பத்து’ என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார், பேட்ச் பிழைத்தது. மன உறுதி, மன உறுதி என்று இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தும், சுவரிலிருந்த அந்த அட்டையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் விசிலை மாட்டினதுதான் இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.