சுடலைமணி உட்காராத சீட்டு

கம்பம்மெட்டுப் பக்கத்துக் காலனிகளிலிருந்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் எத்தனையோ உண்டு. சுடலைமணியின் ஜீப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வண்டிக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை, அதில் இடித்துப் பிடித்து உட்கார்ந்த பெண்கள், மடியில் தூக்குவாளி, வாயில் ஓயாத பேச்சு. அதில் பாதிப் பேச்சு சுடலைமணியைப் பற்றியதாக இருக்கும். அவனும் கேட்காதவன்போல் கியரை மாற்றிக்கொண்டு போவான்.

நாற்பத்து மூன்று வயதாகியும் அவனுக்குக் கல்யாணமாகவில்லை. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்து அனுப்பிவைத்து நிமிர்ந்தபோது, பெண் கேட்கும் வயசு அவனைத் தாண்டிப் போயிருந்தது. ஜீப்பில் ஏறும் எல்லாருக்கும் அவன் சுடலை அண்ணன். வயதில் மூத்த சாந்தம்மாளுக்கு மட்டும் வெறும் சுடலை. ராமலட்சுமிக்கு அவன் இரண்டும் இல்லை. அவள் வாயில் அவன் எப்போதும் 'டிரைவரே'தான். அண்ணன் என்று அவள் ஏன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்பது மற்ற பெண்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்கள் அவளும் அவனும்தான்.

ராமலட்சுமியின் புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்தவன். மகள் நெடுங்கண்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மழையில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பில் டிஸ்க் விலகி, மூன்று மாதம் வீட்டோடு கிடந்தாள். இனிச் செடியடியில் குனிந்து காய் எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துக் கணக்கும் ஆளும் பார்க்கிற ரைட்டர் நல்ல மனுஷர். ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலை ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை முதல் ஒழுங்காக வந்தால் உனக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலை உட்கார்ந்து செய்வதுதான். ஆனால் ஸ்டோர்வரை போக வேண்டுமே! அந்த ரோட்டில், அந்தப் பலகையில், நல்ல இடுப்பே நாலு துண்டாகும்.

முன்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள். டிரைவர் பக்கத்தில் ராமலட்சுமி என்றால் அந்தப் பருவம் முழுக்க ஊருக்கு வேறு பேச்சே வேண்டாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி தச்சனாகிவிட்டான். தன் முதுகுக்கு நேர் பின்னால், குலுக்கல் கொஞ்சம் குறைவாக இருக்கும் இடத்தை அளந்தான். பழைய அலமாரியின் முதுகிலிருந்து மெல்லிய பிளைவுட்டை அறுத்தான். கட்டப்பனையில் வாங்கிய ஃபோமை அதன்மேல் வைத்து, மெரூன் நிற ரெக்சினை இழுத்துச் சுற்றினான். அடிப்பக்கம் மடித்து அடிக்க, பக்கத்து வீட்டுச் சூசையப்பனிடம் ஸ்டேப்ளர் கன் இரவல் வாங்கினான். சூசையப்பன் ஏல நாற்றுப் பந்தல் போடுகிறவர். கட்டைக் கம்பத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து அடிக்கிற நீளப் பின்கள் அதில் ஏற்கெனவே போட்டிருந்தன. காற்றுக்கும் மழைக்கும் அசையாத பின் என்றால் சீட்டுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று சுடலைமணி நினைத்தான். டப் டப்பென்று சுற்றிலும் அடித்துத் திருப்பி வைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பஞ்சாக இருந்தது. அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை ஜீப்பே அல்லோலகல்லோலப்பட்டது.

"ஏ சுடல, இது என்னப்பா, மாப்பிள்ள சீட்டா?" என்றாள் சாந்தம்மாள். "எங்க இடுப்பெல்லாம் இரும்புலயா செஞ்சிருக்கு?"

"டாக்டர் சொல்லிருக்காருக்கா" என்று ஏதோ முணுமுணுத்தான் அவன். ராமலட்சுமி ஏறி அந்த மெத்தையில் உட்கார்ந்தாள். ஸ்டோர் வாசலில் இறங்கும்போது, "நல்லாருக்கு டிரைவரே" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வெட்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் வந்ததைக் கண்ணாடியில் பார்த்தான். புதன்கிழமை அவள் வரவே இல்லை. மெத்தை போட்ட இடம் காலியாகவே ஸ்டோர்வரை போயிற்று. மெத்தை போட்டும் இடுப்பு தாங்கவில்லை, வேலை போய்விடும், தன்னால் ஆனது இவ்வளவுதான் என்று அவன் மனசு உடைந்துபோனான். ரைட்டரிடம் கெஞ்சி, இன்றைக்கு ஒருநாள் பொறுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டு திரும்பினான்.

சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகு சாந்தம்மாள் மட்டும் இறங்காமல் நின்றாள்.

"சுடல, அந்தப் புள்ள இடுப்பு வலின்னு நிக்கல. உன் மெத்தைல முள்ளு இருக்கு."

"என்னக்கா சொல்ற? நான் தடவிப் பாத்தேனே!"

"கைக்கு எப்படித் தெரியும்? வண்டி தூக்கிப் போட்டு உக்காரையிலல்ல குத்துது. சேல முச்சூடும் பொட்டுப் பொட்டா ரத்தம். டிரைவர்கிட்டச் சொல்லு ஆத்தான்னு எம்புட்டோ சொன்னேன். 'வேண்டாம்க்கா, ஆசையாச் செஞ்சிருக்காரு, மனசு சங்கடப்படும்'ங்குது. ஒரே ஜீப்புல ரெண்டு கிறுக்கு!"

அவள் போன பிறகு சுடலைமணி அந்த மெத்தையின் ஓரத்தில் முழங்காலை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினான். சுருக்கென்றது. நீளப் பின்கள் மெல்லிய பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு ஃபோமுக்குள் ஒளிந்து நின்றன. இத்தனை முள்மேல் உட்கார்ந்துகொண்டா நல்லாருக்கு என்றாள்! அவனுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதான்.

அப்படியே மெத்தையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜோமோளின் ஹார்டுவேர் கடைக்குப் போனான். மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசுகிற ஜோமோள், சாமானைப் பார்க்காமல் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். மெத்தையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பின்னைப் பிடுங்கிப் பிளைவுட்டின் விளிம்பில் வைத்துக் காட்டினாள்.

"சேட்டா, பலகை இத்தனைதான் கனம். பின்னு அதுல ரெண்டு பங்கு இருக்கு. பின்ன வெளிய வராம எங்க போகும்?"

"சின்னப் பின்னு பிடிக்குமா? பிச்சுக்கிட்டு வந்துராதா?"

"நெருக்கி அடிச்சா மதி, போதும். பலகைக்குள்ள நிக்கணும், அதான் கணக்கு." அவள் டப்பாக்களை எடுத்து வைத்தாள். சூசையப்பனின் ஸ்டேப்ளர் கன்னில் எந்த அகலம் நுழையும் என்று கேட்டு இரண்டை ஒதுக்கினாள். மிச்சம் இருந்ததில் ஒன்றை அவன் தொட்டபோது அதையும் தள்ளிவிட்டாள். "இது மழையில துருப்பிடிக்கும். ஈரச் சேலையோட ஏறுறவங்கல்லே எல்லாரும்? கறை பட்டா போகாது. ஸ்டீல் எடுத்துக்கோ." எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆருக்கு இந்த சீட்டு?"

"ஒரு ஆளுக்கு" என்றான் சுடலைமணி.

"ம்ம்" என்றாள் ஜோமோள். அந்த ம்ம்மில் எல்லாம் இருந்தது.

பழைய பின்கள் எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தான். ஃபோமுக்குள் ஒடிந்த முனை ஏதும் கிடக்கிறதா என்று விரலால் துழாவினான். குட்டைப் பின்களை நெருக்கி அடித்தான். முழங்காலை ஊன்றினான். குத்தவில்லை. ஆனாலும் முழங்காலை இனி நம்ப அவன் தயாராக இல்லை.

"சூசையண்ணே, ஸ்டோர்வரைக்கும் ஜீப்ப ஓட்டுறீகளா? நான் பின்னால உக்காரணும்."

சூசையப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த ஜீப்பில் சுடலைமணிக்குத் தெரியாத நட்டு கிடையாது, போல்ட்டு கிடையாது. ஆனால் சொந்த வண்டியின் பின்சீட்டில் அவன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பின்கள் ஒன்றும் செய்யவில்லை. ரோடுதான் செய்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற ரோடு அது. ஒவ்வொரு பள்ளமும் அத்துப்படி. ஸ்டியரிங் கையில் இருந்தால் பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரியும், உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எதிரே இருக்கிற முகம் மட்டும்தான் தெரிகிறது. தூக்கிப் போட்ட பிறகுதான் பள்ளம் என்று தெரிகிறது. கலுங்குப் பாலத்து வளைவில் அவன் தலை மேல்கம்பியில் இடித்தது. இத்தனை வருஷமாக இப்படியா இவர்களைக் கொண்டுபோனேன், ஒருத்திகூடத் திட்டவில்லையே என்று இருந்தது அவனுக்கு. உண்மையில் தினமும் திட்டத்தான் செய்தார்கள், இவன்தான் கேலி என்று நினைத்திருந்தான்.

இருட்டுவதற்குள் ராமலட்சுமியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சீட்ட சரிபண்ணிட்டேன். நானே உக்காந்து போய்ப் பாத்துட்டேன். நாளைக்கு வாங்க."

"நீங்களா? பின்னாலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"குத்துச்சுன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

வருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் ஜீப் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தி இடுப்புக்காக ஊர்த் தூக்கமே போச்சு என்று பெண்கள் தலைமுடியை முடிந்துகொண்டே ஓடிவந்தார்கள். மெதுவாக ஓட்டிப் போகத்தான் அவன் அவ்வளவு முன்னதாக வந்திருந்தான். வண்டி ஊர்ந்தது. முதல் குழிக்கு முன்னால் சுடலைமணி, "பள்ளம்!" என்று உரக்கக் கத்தினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது குழிக்கும் கத்தினான். ராமலட்சுமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதிலிருந்து ஜீப் முழுக்கச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது. ஸ்டோர் வாசலில் ரைட்டர் ராமலட்சுமியைப் பார்த்து, நேற்றைக்கு விட்டதை இனி விடாதே என்று ஒரு சொல் சொல்லி, காய் பிரிக்கிற இடத்தைக் கைகாட்டினார்.

அந்தப் பருவம் முடியும்வரை மெரூன் ரெக்சின் பிரியவும் இல்லை, துருக்கறை படியவும் இல்லை. பிறகு ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள். பள்ளமெல்லாம் மூடி, ரோடு பாய் விரித்த மாதிரி ஆயிற்று. பக்கத்துத் தோட்ட ஜீப்புகள் பறந்தன. சுடலைமணியின் ஜீப் மட்டும் பழையபடி ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் பின்னாலிருந்து ராமலட்சுமி கேட்டாள். "டிரைவரே, இப்பத்தான் பள்ளமே இல்லையே?"

"இல்ல."

"என் இடுப்பும் தேறிருச்சு. பெறகு எதுக்கு மெதுவாப் போறீக?"

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெரசாப் போனா ஸ்டோரு வந்துருமே."

சாந்தம்மாளே வாயைத் திறக்கவில்லை. அந்த ஜீப் அத்தனை பெண்களோடு சத்தமில்லாமல் போனதை அந்த ரோடு அன்றைக்குத்தான் பார்த்தது. ராமலட்சுமி குனிந்து, மெத்தையின் ஓரத்து ரெக்சினைக் கையால் நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன," என்றாள் கடைசியில். "சாயங்காலம் திரும்ப இதுலதான வரப் போறேன்."