மெடிக்கல் இருமல்

அக்கா வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடும். குடல் வெளியே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று மருந்துக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குக் காசு இல்லை, அரசாங்கத்தின் காப்பீட்டுக் கார்டு இருந்தது. ஆனால் அதை நீட்டிக்கொண்டு நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. முதலில் அரசு டாக்டர் பார்த்து, இங்கே செய்ய வசதியில்லை, அங்கே அனுப்புகிறேன் என்று எழுதித் தர வேண்டும்.

அப்போது எனக்கு வேலை இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரி, கோழிப்பண்ணை, சாயப்பட்டறை என்று சுற்றுகிறவன். எதுவும் அமையாதபோது, தங்கச் சுரங்கம் மூடிப்போன பாலகாட்டில் அக்கா வீட்டுச் சமையலறைத் தரைதான். எனக்கு அந்தக் கார்டும் கிடையாது; ரேஷன் கார்டில் பேர் இருக்கிற ஊரில் நான் இருந்ததில்லை. சும்மா உட்கார்ந்து தின்கிறவன் என்பதால் மாமாவைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நகரவில்லை. பேச்சு நகர்ந்தது.

"கார்டு எதுக்கு? அந்தக் காசுல இங்கயே நாலு டாக்டரப் போட்டா ஆவாதா?" என்றார் முன்னால் நின்ற ரிட்டையர்டு தொழிற்சாலைக்காரர்.

பின்னால் நின்றது பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய்வருகிற பெண். "அவங்க போடற வரைக்கும் நான் வலியோட நிக்கணுமா அங்கிள்? டைரக்டா பிரைவேட்டுக்கு விட்டுடணும்."

மாமா வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டே சொன்னார். "நேரா வுட்டா, தலவலின்னு போனவனுக்கும் வயித்தக் கிழிச்சி பில்லப் போடுவான். கவர்மெண்ட் டாக்டர் பார்த்துதான் அனுப்பணும். அதான் நியாயம்."

நியாயத்தை நிலைநாட்டிவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னதும் மாமா வேறு ஆளாகிவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, கூரையைப் பார்த்து நின்றார்.

"என்ன தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாமாவின் அடிவயிற்றைக் காட்டினேன். அவர் அங்கே விரல் வைத்து இருமச் சொன்னார். மாமா இருமினார். சத்தம் அறையை நிறைத்தது, வயிறு அசையவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மாமா சுரங்கத்தில் வேலை செய்தவர். அது ஓடிய காலத்தில் மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனையில் குடலிறக்கம் தெரிந்தால் ஷாஃப்ட் வழியாகக் கீழே இறக்க மாட்டார்கள்; மேலே குறைந்த கூலிக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு தொண்டையால் மட்டும் இருமுவதற்கு ஆட்கள் பழகியிருந்தார்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், வெள்ளைக் கோட்டைக் கண்டதும் மாமாவின் உடம்பு தானாக அதைச் செய்தது.

"மாமா, நாம வேல கேக்க வரல. நல்லா இருமுங்க."

"இருமினுதானே கீறேன்."

மறுபடியும் தொண்டை. டாக்டர் பேனாவை மூடினார். "கைக்குத் தெரியாததை எப்படி எழுதறது? அடுத்த மாசம் வந்து காட்டுங்க."

அடுத்த மாசம் வரை குடல் பொறுத்திருக்கும் என்று யார் சொல்வது?

"சார், ஒரே ஒரு தடவ கை வைங்க" என்றேன். அவர் சலிப்போடு வைத்தார். "எங்க அக்காவப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இவரு இப்பிடித்தான் மூச்சப் புடிச்சினு நின்னாரு. மாப்பிள்ள கம்பி மாதிரி இருக்காருன்னு எங்கம்மா மயங்கிட்டாங்க. தாலி கட்டிட்டு வுட்டாரு பாருங்க மூச்ச, சட்டை பட்டன் தெறிச்சி ஐயர் நெத்தியில அடிச்சிது. அவரு மந்திரத்த நிறுத்திட்டு, இன்னும் எத்தினி பட்டன் பாக்கின்னு கேட்டாரு."

மாமா உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. பிறகு தாங்க முடியாமல் அடிவயிற்றிலிருந்து சிரித்தார். டாக்டரின் விரலுக்கடியில் அது வந்து நின்றது.

"இவ்வளவு பெரிசை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"எத்தினி டாக்டருங்க பார்த்திருப்பாங்க, ஒருத்தன் கண்டுபுடிச்சதில்ல" என்று மாமா சட்டையை மாட்டினார். "பொண்டாட்டி தம்பி காட்டிக் குடுத்துட்டான்."

வெளியே வந்து, தனியார் ஆஸ்பத்திரிக்கான சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்கயும் இருமச் சொல்லுவானா?"

"சொல்லுவாங்க மாமா."

"அப்ப நீயும் வா. வேற கத எதனா யோசிச்சி வெய்."