ஷாக் அடித்த தந்தி

மில் வயர்மேன் கண்ணையனுக்கு 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்ததோ பிரெஞ்சு. இங்கிலீஷ் எல்லாம் மில்லில் தொங்குகிற எச்சரிக்கைப் பலகைகள் போட்ட பிச்சை. அதை வைத்துக்கொண்டு மூலக்குளத்தில் யார் வீட்டுக்குக் காகிதம் வந்தாலும் முதல் ஆளாய்க் கை நீட்டிவிடுவார்.

1976-ல் பக்கத்து வீட்டு அப்துல் கஃபார் மௌத்தானார். பம்பாயில் வேலை பார்த்த ஒரே மகன் கமருஸ்ஸமானுக்குத் தந்தி போனது. மறுநாள் பதில் வந்தது. துக்க வீட்டு வாசலில் அதைப் பிடுங்காத குறையாய் வாங்கினார் கண்ணையன். 'ஷாக்டு. கேனாட் கம்.' மூன்றே சொல். ஷாக் அவருக்குத் தெரியாததா? இருபது வருஷமாய் அவர் கையில் அடிப்பதுதானே.

"பாயம்மா, தம்பிக்குக் கரண்டு ஷாக் அடிச்சிடுச்சாம். அதான் வர முடியலயாம்" என்று கதவுத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"யா அல்லா, அவனுமா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து கஃபாரின் மனைவி ஜீனத்துன்னிசாவின் குரல். தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் ஓலமிட்டார்கள்.

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுத் தந்தி கொடுக்க, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார் கண்ணையன். வந்த தந்தியை வாங்கிப் பார்த்த தந்தி ஆபீஸ் குமாஸ்தா கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"இது அந்த ஷாக் இல்லய்யா. அப்பா செத்த சேதி கேட்டு அதிர்ச்சியாயிட்டேன்னு எழுதியிருக்கான். கரண்டு அடிச்சாலும் ஷாக்குதான், மனசு ஆடிப்போனாலும் ஷாக்குதான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்கறதுதான?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணையனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கருவடிக்குப்பத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அங்கே ஒரு தாய், பிள்ளையும் போய்விட்டான் என்று கிடக்கிறாளே. சைக்கிளைத் திருப்பினார்.

வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடுங்க பாயம்மா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிஞ்ச மாதிரி படிச்சிட்டேன். தம்பிக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று திரைக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கானா? அப்ப வர முடியலன்னு சொன்னியே தம்பி, அது?"

அதையும் தப்பாய்ப் படித்திருக்கக் கூடாதா என்றிருந்தது கண்ணையனுக்கு.

"அது சரியாத்தான் படிச்சேன் பாயம்மா" என்றார்.