சந்திரனுக்குப் போன வெள்ளம்

சந்திரனில் மனிதன் இறங்கப்போகிறான் என்று குருபரப்பள்ளி டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டிருந்த காலம். அத்தையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்திருந்த மாமா, விஞ்ஞானக் கதை ஒன்று எழுத ஆரம்பித்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கிருஷ்ணகிரியில் டைப்பிஸ்ட் வேலை.

கதையில், சந்திரனில் குடியேறியவர்கள் பூமியை மறந்துவிடக் கூடாதென்று முன்னோர்களின் ஞாபகங்களை ஒரு யந்திரத்தில் சேர்த்து, பிறக்கும் குழந்தைகளின் தலையில் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு மாமாவுக்கு ஒரு ஞாபகம் வேண்டியிருந்தது. எங்கள் ஏரி உடைந்த நாளைப் பற்றி என்னிடமும் கேட்டார். எனக்கு எட்டு வயது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதையும், நனைந்த பாவாடை கனத்ததையும், இடது கால் கொலுசு தண்ணீரில் விழுந்ததையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கதையைப் படித்தார். சந்திரனில் ஒரு சிறுமி திடுக்கிட்டு விழித்து, விழுந்த கொலுசைத் தேடும் இடம் வந்ததும் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"அந்த எடம் வேணாம் மாப்ள, எடுத்துருங்க" என்றார் அப்பா. "ஏரி ஒடஞ்சப்ப இவ பொறக்கவே இல்ல."

"பொறக்காத பிள்ளைக்கு எப்படி மச்சான் தெரியும்? அதுதான கதையே" என்றார் மாமா, ஆசையாக.

அத்தை அவரை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். வெளியே வந்தவர் இரண்டு பக்கங்களைக் குறுக்கே அடித்தார். அந்தச் சிறுமி இல்லாமல் பத்திரிகைக்குப் போன கதை, போன வேகத்திலேயே திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்கு மகள் பிறந்த பிறகுதான் அத்தை சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்திருக்கிறாள். வெள்ளத்தில் அம்மாவின் தோளில் பிழைத்தவள், அடுத்த மாதம் வந்த காய்ச்சலில் பிழைக்கவில்லை. எனக்குப் புரியக் கூடாதென்று அவளைப் பற்றித் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்களாம். தெருவெல்லாம் தெலுங்குப் பிள்ளைகளோடு ஆடிய எனக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அவர்கள் 'பாப்பா' என்றது என்னை அல்ல என்பதைத் தவிர.

கதை படித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயதில், நான் விடவில்லை. அம்மாவைத் தேடிக் கொல்லைக்கே போனேன்.

"நீ என்னத் தூக்கிக்கிட்டு ஓடுனதான?"

அம்மா என் இடது காலைப் பார்த்தாள்.

"ஆமா. தூக்கிக்கிட்டுதான் ஓடுனேன்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல உள்ளே ஓடினேன்.