பூஜை அலமாரியில் இருந்த கார்டு

மெல்பர்னில் கிடங்கு வேலை பார்க்கும் என் கணவருக்குக் காடை வேட்டைக்குப் போக வேண்டுமென்று இரண்டு வருட ஆசை. பரீட்சை எழுதி உரிமமும் வாங்கிவிட்டார். திட்டமிடுவது என் பொறுப்பு. எந்த அரசு நிலத்தில் சுடலாம், அதன் வேலி எங்கே முடிகிறது, பக்கத்தில் மருத்துவமனை உண்டா என்று மூன்று வாரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையை நான்கு முறை சரிபார்த்தேன். நாங்கள் கிளம்பியது சீசனின் கடைசி நாள்; அன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான்.

கைக்குழந்தையோடு நானும் போனேன். இரண்டு மணி நேரப் பயணம். அவருடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சுதன் அங்கே வேட்டை நாயோடு காத்திருந்தார். "லைசென்ஸ எடும்மா," என்றார் கணவர்.

அப்போதுதான் உறைத்தது. தபாலில் வந்த புது லைசென்ஸ் கார்டுக்குக் குங்குமம் வைத்து, வீட்டுப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு முறையும் பட்டியலில் டிக் போட்டிருக்கிறேன்.

"அப்ப இண்டைக்கு முருகன்தான் வேட்டைக்குப் போறார், அக்கா," என்று சிரித்தார் சுதன். எனக்கு அழுகை வந்தது.

கார்டு இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது. போய் எடுத்து வந்தால் இருட்டிவிடும்.

"ஏங்க, என்னைத் திட்டிடுங்க," என்றேன்.

"பாப்பாவுக்குப் பசிக்கும், பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு, சுதனுக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தார். புல்லிலிருந்து காடைகள் விர்ரென்று எழும்பியபோதெல்லாம் துப்பாக்கியைத் தூக்குவதுபோல் அவர் கை தானாகத் தோளுக்குப் போவதைக் காருக்குள்ளிருந்து பார்த்தேன்.

அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்றுதான் அத்தனையும் யோசித்தேன். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான், அவருக்கு அந்த வேட்டை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.