பேசாமல் இருக்க ஒரு ஆள்

சான்பாடா அடுக்குமாடி வீட்டுக்கு வந்த புதிதில் பகலெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். எதிர்வீட்டு மராத்திப் பெண் பதறிப்போய் மணியடிப்பாள். "ஆன்ட்டி, தர்வாஸா குலா ரஹ் கயா!" கதவைச் சாத்த மறந்துவிட்டேன் என்று நினைத்து, அவளே சாத்திவிட்டும் போவாள். அதற்குமுன் நாங்கள் இருந்த தாராவியில் எல்லாம் தலைகீழ். அங்கே பகலில் கதவு சாத்தியிருந்தால் அந்த வீட்டில் சண்டை, இல்லையென்றால் காய்ச்சல். கல்யாணமாகி நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தலை கனத்துப்போய், ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரத்தில் சந்தே வாசலில் நின்றது. "ஏட்டி, மாப்பிள்ளை அடிச்சிட்டானா?"

நாலு பேரோடு இருந்தால் சிலருக்குத் தெம்பு ஏறும், எனக்கு இறங்கும். சொன்னால் மண்டைக்கனம் என்பார்கள். குர்லாவில் தையல் வேலை முடிந்து வந்தால் ஒற்றை அறையில் மாமியார், நாத்தனார், பிள்ளைகள், டிவி. அப்போது என்னைக் காப்பாற்றியவள் பக்கத்து வீட்டு மாரியக்கா. அவளும் என் ரகம். முறத்தில் பூண்டைப் போட்டுக்கொண்டு என் வாசற்படியில் வந்து உட்காருவாள். நானும் உட்கார்ந்து உரிப்பேன். பேச்சு கிடையாது. வேலையாக இருக்கிறோம் என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். எழுந்திருக்கும்போது நன்றாகத் தூங்கி விழித்ததுபோல் இருக்கும்.

மகன் சான்பாடாவில் வீடு வாங்கி எனக்கென்று ஓர் அறை தந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆசைதீரத் தனியாக இருந்தேன். பிறகு அதே தனிமை ஆளைத் தின்றது. அக்கா வேண்டும்போல் இருந்தது. அவளுக்கு முட்டுவலி, ரயில் ஏற முடியாது. பேரனை விட்டு நான் நகர முடியாது. ஆக, போன்தான். போன் என்றால் பேச வேண்டுமே! எங்கள் இருவருக்கும் வராதது அது ஒன்றுதான்.

"சாப்ட்டியளாக்கா?"

"ஆமாட்டி. நீ?"

"ஆச்சு."

"சரி, வைக்கட்டா?"

வைத்ததும் எனக்கு அழுகை வரும்.

போன வாரம் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் குடம் வைக்கிற சத்தம், யாரோ பிள்ளையைத் திட்டுவது, நடுநடுவே அக்காவின் இருமல். உடம்பு சான்பாடாவில், காது தாராவியில். வெகு நாளைக்குப் பிறகு மனசு லேசானது.

மருமகள் உள்ளே வந்தாள். "யாருமே பேசல அத்தே, வைக்க மறந்துட்டாங்க போல" என்று நல்ல மனசோடு போனை எடுத்துக் கட் செய்தாள்.

அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டேன்.

"உனக்கு வேலை இருக்கும்லா. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். இனி தொந்தரவு பண்ணலட்டி" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் அத்தனை பேசியது அன்றுதான்.